பச்சையப்பரின் மரணசாசனம்

பொருளை ஈட்டுதல் ஒரு திறம். ஈட்டிய பொருளைப் பிறர்க்கு ஈதல் ஒரு குணம். ஆயினும், தான் மறைந்தபின்னரும் தான் கருதிய நற்பயன் கருதியவாறே நிகழும்படி அப்பொருளை ஓர் ஒழுங்கில் நிறுத்திச் செல்லுதற்குத் திறமும் குணமும் மட்டும் போதா. அதற்கு எழுத்து வேண்டும். எழுத்தைக் காப்போர் வேண்டும். காப்போரைக் கேள்வி கேட்போரும் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்குத் தமிழுலகிற் பச்சையப்ப முதலியார் வரலாற்றினும் சிறந்த வரலாறு வேறொன்று கிடைத்தல் அரிது.

பச்சையப்பர் என்றதும் சென்னையிலுள்ள கல்லூரியே பலர்க்கும் நினைவில் எழும். கணிதமேதை இராமாநுசன் சிறிதுகாலம் பயின்ற கல்லூரி அது. பேரறிஞர் அண்ணாத்துரை பட்டம் பெற்றதும் அங்கேயே. ஆயினும், பச்சையப்பர் அக்கல்லூரியைக் கட்டியவரல்லர், கண்டவருமல்லர். அவர் கண்மூடியது 1794ஆம் ஆண்டில். அவர் பெயராலாகிய முதற்பள்ளி கதவு திறந்தது 1842ஆம் ஆண்டில். இடைப்பட்ட 48 ஆண்டுகளில் அவர் வைத்துச் சென்ற பொருளுக்கு நேர்ந்தது யாது என்பதை மலையகத்து வாசகர் சிறப்பாக அறிதல் வேண்டும். அதன் காரணம் கட்டுரையின் இறுதியிற் புலனாகும்.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார், தாயார் பூச்சியம்மாள். மகன் பிறக்குமுன்னரே தந்தையார் காலமாயினார். கைம்பெண்ணாகிய தாயார், சென்னபட்டணத்துக்கு வடமேற்கே பவானியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற பெரியபாளையத்தில், குடும்பத்துக்கு வேண்டிய நண்பர் ஒருவரின் ஆதரவில் இருந்து மகனைப் பெற்றார். அவ்வாதரவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. பச்சையப்பருக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் சென்னபட்டணம் சேர்ந்தது. அங்கே பௌனி நாராயண பிள்ளை என்னும் செல்வர் அவர்களை ஏற்றுக்கொண்டார். பௌனி என்ற ஆங்கில வணிகரிடம் துவிபாஷியாக இருந்தமையால் அவருக்கு அப்பெயர் வந்தது.

துவிபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழியாளன் என்பது பொருள். அதனையே மக்கள் துபாஷி என வழங்கினர். ஆங்கிலேயருக்கு நாட்டுமொழி தெரியாது. நாட்டவருக்கு ஆங்கிலம் தெரியாது. இருவர்க்கும் இடையே நின்று பேச்சை மட்டுமன்றிச் சரக்கையும் கடனையும் நம்பிக்கையையும் கைமாற்றிக் கொடுத்தவர் துவிபாஷி. நம் மலைநாட்டிலே துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்ற பெரிய கங்காணியை நினைத்துக்கொண்டால், அத்தொழிலின் ஆற்றலும் ஆபத்தும் ஒருங்கே விளங்கும். இருபுறமும் தேவைப்பட்டவர், இருபுறத்தாரின் ஐயத்துக்கும் உரியவர்.

நாராயண பிள்ளையின் இல்லத்திலேயே பச்சையப்பர் எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் கற்றார். சரக்கின் தரம் அறிதலையும் விலை பேசுதலையும் பழகினார். இளமையிலேயே ஆங்கில வணிகர்க்குத் துவிபாஷியாகித் தம் இருபதுகளைக் கடக்குமுன்னரே பெருஞ்செல்வரானார். தந்தை முகம் காணாத பிள்ளை, பிறர் வீட்டில் உண்டு வளர்ந்த பிள்ளை, இருபது ஆண்டுகளில் பட்டணத்தின் பெருந்தனக்காரருள் ஒருவராயினமை அக்காலத்து வாணிகத்தின் வேகத்தைக் காட்டுகின்றது.

அக்காலம் எத்தகையது என்பதையும் மறத்தலாகாது. 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படை கருநாடகத்துட் புகுந்தது. அடுத்து வந்த ஆண்டுகளிற் சோழவளநாடாகிய தஞ்சாவூர்ச் சீமையும் பாழ்பட்டது. வயல்கள் தரிசாயின; குடிகள் சிதறினர். அந்நிலையிலும் தஞ்சை மன்னர் கும்பினியாருக்குச் செலுத்த வேண்டிய தொகை நிற்கவில்லை. அரசர் கடன் வாங்கினார். கடன் கொடுப்போர் வட்டி பெற்றனர். வரி வசூலுக்குப் பொறுப்பேற்போர் தோன்றினர். பச்சையப்பரின் செல்வத்திற் பெரும்பகுதி இத்தகைய கொடுக்கல் வாங்கலிலே திரண்டது. துளஜா மன்னர் 1787இல் மறைந்து அமரசிங்கர் ஆண்ட காலத்திலும் அவர்க்குத் தஞ்சையோடு தொடர்பு இருந்தது.

ஆகவே அவர் செல்வம் முழுவதும் மாசற்ற ஊற்றிலிருந்து பெருகியது என்று யாம் எழுதத் துணியோம். அரசன் கட்டிய வட்டி, முடிவிலே குடியானவன் களத்து நெல்லிலிருந்து வந்ததேயன்றோ? வள்ளல்களின் வரலாற்றை எழுதுவோர் கொடுத்த கையை மட்டும் காட்டி, வாங்கிய கையை மறைத்தல் வழக்கம். அவ்வாறு மறைப்பதாற் பச்சையப்பருக்குப் பெருமை கூடாது. எங்கிருந்தோ வந்து தம்மிடம் சேர்ந்த பொருள் தம்முடையது மட்டுமன்று என்ற எண்ணம் அவருக்கு எப்பொழுதோ உண்டாயிற்று. அவருடைய பெருமை அவ்விடத்திலேயே தொடங்குகின்றது.

சமயப்பற்றில் அவர் சிறந்தவர். சென்னையிற் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்தபோது, அன்று தெளிந்தோடிய கூவம் ஆற்றில் நீராடிக் கோமளீசுவரரை வழிபட்டே அன்றாட அலுவலைத் தொடங்குவார் என்பர். இன்று கூவத்தின் நிலையை அறிந்தோர்க்கு இச்செய்தி வியப்பூட்டும். காஞ்சி, சிதம்பரம் முதலிய தலங்களுக்கு அவர் வாழ்நாளிலேயே பலவகைத் தொண்டுகள் செய்தார். இரு மனைவியர் இருந்தும் ஆண்மகவு இல்லை. தமக்குப்பின் தாம் நடத்திய அறங்களை நடத்துவார் யார் என்ற கவலை அவர்க்கு இருந்திருத்தல் வேண்டும்.

1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் சோழநாட்டில் இருந்தபோது உடல்நிலை தளர்ந்தது. வயது நாற்பதே. கும்பகோணத்தில் மார்ச்சு 22ஆம் நாள் மரணசாசனம் எழுதுவித்தார். தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே பொருளின் பொறுப்பை ஒப்படைத்தார். காசி முதற் கன்னியாகுமரி வரையுள்ள தலங்களில் வழிபாடும் அன்னதானமும் பிற தருமங்களும் தம் பொருளால் நடைபெறல் வேண்டும் என்பதே அதன் கருத்து. ஒன்பது நாள் கழித்து, மார்ச்சு 31ஆம் நாள், காவிரிக்கரைத் தலமாகிய திருவையாற்றில் அவர் உயிர் நீங்கியது.

இம்மரணசாசனத்தின் புதுமையை நன்கு உணர்தற்குச் சிறிது சட்டம் அறிதல் வேண்டும். நம் முன்னோர்க்குத் தருமம் புதிதன்று. கோயிற் சுவர்கள்தோறும் நிலமும் பொன்னும் விளக்குக்கு ஆடும் விடப்பட்ட செய்தி கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயினும், இறக்கும் தறுவாயில் ஒருவர் தம் சொத்தை எழுத்தினாற் பகுத்து, இன்ன நோக்கத்துக்கு இன்னார் பொறுப்பில் என வைத்துச் செல்லும் ஆங்கில முறை நம் நாட்டார்க்கு அக்காலத்திற் பழக்கமில்லாதது. அம்முறையைக் கையாண்ட முதல் இந்துக்களுள் ஒருவராகப் பச்சையப்பரைக் கூறுவர்.

அம்முறைக்கு ஆங்கிலத்தில் ‘டிரஸ்ட்’ என்று பெயர். இலங்கைச் சட்டத் தமிழில் நம்பிக்கைப் பொறுப்பு என்கின்றோம். கோயில் வழக்கில் தருமசாதனம் என்கின்றோம். இங்கிலாந்தில் இதன் தோற்றம் பழமையானது. நெடும்பயணமும் போரும் கருதிச் செல்லும் நிலக்கிழான், தன் நிலத்தை நண்பன் பெயரில் வைத்து, மனைவி மக்கள் அதன் பயனைத் துய்க்குமாறு செய்துபோவான். நண்பன் மனம் மாறினால், பொதுச் சட்டப்படி நிலம் அவனுடையதே. ஆதலின், அவன் மனச்சான்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசனின் நீதித்துணைவராகிய சான்சலரின் மன்றுக்கு வந்தது. உடைமை ஒருவர் பெயரில், பயன் மற்றொருவர்க்கு என்ற இப்பிரிவே நம்பிக்கைப் பொறுப்பின் அடிப்படை.

இதற்கு உறுப்புகள் ஐந்து. பொருளை வைப்பவர் ஒருவர், வைக்கப்படும் பொருள் ஒன்று, அதனைத் தாங்கும் பொறுப்பாளர் ஒருவரோ பலரோ, பயன் பெறுவோர், பயனின் நோக்கம். இவற்றுள் ஒன்று தெளிவின்றி இருப்பினும் வழக்குக்கு இடமாகும். பொறுப்பாளர், ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தம் பொருளோடு கலத்தலாகாது. அதனால் தமக்கு ஊதியம் தேடலாகாது. கேட்டபோது கணக்குக் காட்டல் வேண்டும்.

வகைகளும் பல. சிறுபிள்ளைகள் வயதுக்கு வரும் வரையிலோ, தம் காரியத்தைத் தாமே பார்க்கவியலாத உறவினர் உயிரோடிருக்கும் வரையிலோ, அவர்களுக்காகப் பொருளை வைத்தல் குடும்பப் பொறுப்பு. பயனாளர் இன்னார் என்று பெயர் சொல்லலாம். காலம் முடிந்ததும் பொறுப்பும் முடியும். ஏழைகளுக்கும் மாணவர்க்கும் நோயாளர்க்கும் என்று பெயர் சுட்டாது பொதுவாக வைத்தல் அறப்பொறுப்பு. இதற்குக் கால எல்லை இல்லை. கோயில், மடம், திருவிழா ஆகியவற்றுக்காக வைத்தல் சமய அறம். இம்மூன்றும் வைப்பவர் வாழ்நாளிலேயே நடைமுறைக்கு வருமாறும் செய்யலாம், மரணசாசனத்தினாலும் செய்யலாம். வாழ்நாளிற் செய்தால் நடப்பதைக் கண்ணாற் கண்டு திருத்தலாம். மரணசாசனத்தாற் செய்தால், பொறுப்பாளர் தவறும்போது தட்டிக்கேட்க வைத்தவர் இரார். நான்காவது வகையும் உண்டு. பணம் ஒருவருடையது, உறுதி மற்றொருவர் பெயரில் என்று வரும்போது, எழுத்தே இல்லாதிருந்தும், பெயருக்குரியவர் பணத்துக்குரியவர்க்காகவே அச்சொத்தைத் தாங்குகின்றார் எனச் சட்டம் தானே கொள்வதுண்டு.

பச்சையப்பர் வைத்தது மரணசாசனத்தின் வழிவந்த அறப்பொறுப்பு. மேற்கூறிய ஆபத்து முழுவதும் அதனைச் சூழ்ந்தது. அவர் நம்பிய நாராயண பிள்ளையின் காலத்துக்குப்பின் பொருள் கைமாறியது. குடும்பத்தார் உரிமை கோரினர். பொறுப்பில் இருந்தோர் வேறு கூறினர். ஒரு வழக்கு மற்றொரு வழக்கை ஈன்றது. அதற்கிடையே நீதிமன்றமே உருமாறியது. அவர் இறந்தபோது சென்னையில் இருந்தது மேயர் நீதிமன்றம். 1798இல் ரிக்கார்டர் நீதிமன்றமும், 1801இற் சுப்ரீம் கோர்ட்டும் வந்தன. நாணயமும் மாறியது, வராகன் வழக்கொழிந்து 1818இல் ரூபாய் நிலைபெற்றது. மரணசாசனத்தை எழுதியபோது பிறந்த குழந்தை பேரப்பிள்ளைகளைக் கண்டிருக்கும். அவர் நினைத்த தருமங்களோ ஒழுங்காக நடைபெறவில்லை.

எனினும் பொருள் அழிந்தொழியாமைக்குக் காரணம் இரண்டு. எழுத்து இருந்தது என்பது ஒன்று. எவ்வளவு காலம் மறைத்தாலும், கும்பகோணத்தில் எழுதிய அந்தச் சாசனத்தை யாரும் இல்லையாக்க முடியவில்லை. கேட்பதற்கு ஒருவர் இருந்தார் என்பது மற்றொன்று. அறப்பொறுப்பிற் பயனாளர் இன்னார் என்று பெயரில்லை. ஆதலாற் பொதுமக்கள் சார்பில் நின்று கேட்கும் கடமையை ஆங்கிலச் சட்டம் அரசின் தலைமை வழக்கறிஞர்க்கு வைத்துள்ளது. சென்னையில் அப்பதவியில் இருந்தோர் இவ்வழக்கை எடுத்து நடத்தினர். அவருள் ஜார்ஜ் நார்ட்டன் என்பார் இவ்வறத்தோடு தம் பெயரையும் பிணைத்துக்கொண்டார். பச்சையப்பரோடு இனத்தாலும் மதத்தாலும் மொழியாலும் தொடர்பில்லாத ஒருவர், அவர் இறந்து ஒரு தலைமுறை கடந்தபின், அவர் விருப்பத்துக்காக வாதாடினார். உறவினர் கைவிட்டதை அந்நியர் காத்தார் என்று சொல்லி மகிழ்தற்கன்று இது. உறவை நம்பிப் பொருளை வைத்தல் வேறு, ஒழுங்கை நம்பி வைத்தல் வேறு என்பதை உணர்தற்கே.

வழக்கு முடிந்து கணக்குப் பார்த்தபோது, முடங்கிக் கிடந்த பணம் வட்டியோடு வளர்ந்திருந்தது. தருமங்களுக்கெனக் கொள்ளப்பட்ட தொகை ஓர் இலட்சம் வராகன். ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ மூன்றரை இலட்சம். அதற்கு மேலும் இலட்சக் கணக்கில் மிகுதி நின்றது. இம்மிகுதியை என் செய்வது? நீதிமன்றம் அதனைக் கல்விக்கு ஒதுக்க இசைந்தது. வைத்தவர் விருப்பத்தை அவ்வாறே நிறைவேற்றிய பின்னும் பொருள் மிகுந்தால், அல்லது அவர் கூறிய நோக்கம் நடத்தவியலாததாகிவிட்டால், அவர் கருத்துக்கு மிக அணித்தான மற்றொரு நற்பணிக்கு அதனைத் திருப்பலாம் என்பது அறப்பொறுப்புச் சட்டத்தின் விதி. அவ்விதியின் நிழலிலேயே அன்னதானத்துக்கென வைத்த பொருளின் மிகுதியிலிருந்து வித்தியாதானம் பிறந்தது. தருமத்தின் விவரம் சில கோயில்களிற் கல்லிலும் பொறிக்கப்பட்டது. ஏட்டை மறைப்பார் உண்டு என்று பட்டறிந்தபின் செய்த காரியம் அது.

இந்துப் பெருமக்கள் அடங்கிய தருமகர்த்தாக்கள் குழு ஒன்று பொறுப்பேற்றது. 1842ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் சென்னை கறுப்பர் பட்டணத்திற் பள்ளி தொடங்கிற்று. 1846இல் அதற்கென மண்டபத்துக்குக் கால்கோள் விழா நடந்தது. ஏதென்சு நகரத்துத் தீசியசு கோயிலின் மாதிரியில், நெடுந்தூண்கள் நிரைத்து எழுந்த அம்மண்டபம் 1850இல் ஆளுநர் ஹென்றி பொட்டிங்கரால் திறந்துவைக்கப்பட்டது. காஞ்சி ஏகாம்பரரையும் தில்லைக் கூத்தரையும் வழிபட்டவர் பெயரில் ஒரு கிரேக்க மண்டபம் நின்றமை காலத்தின் கோலம். பள்ளி 1880இல் இரண்டாந்தரக் கல்லூரியாகவும், 1889இற் பட்டப்படிப்புக் கல்லூரியாகவும் உயர்ந்தது. 1940இற் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது.

இவ்வறத்தைக் கண்டு வேறு செல்வர்களும் தம் பொருளை இதே குழுவினர் பொறுப்பில் வைத்தனர். அவற்றாற் பிற கல்லூரிகளும் பள்ளிகளும் தோன்றின. ஒருவர் வைத்த விளக்கு மற்றோர் விளக்கை ஏற்றிற்று. குறையும் இல்லாமலில்லை. நெடுங்காலம் இந்து மாணவர் மட்டுமே சேர்க்கப்பட்டனர். 1947இலேயே அக்கதவு எல்லார்க்கும் திறந்தது. நிருவாகம் பற்றிய பிணக்குகளும் பின்னாளில் எழுந்தன. இந்நூற்றாண்டிலும் சென்னை உயர்நீதிமன்றம் இளைப்பாறிய நீதிபதிகளை நிருவாகிகளாக அமர்த்த நேர்ந்தது. அறம் ஒருமுறை நாட்டிவிட்டால் தானே வளரும் மரமன்று. தலைமுறைதோறும் களை பறித்து நீர் விடவேண்டிய தேயிலை மலை போன்றது அது. கவ்வாத்துத் தவறினாற் செடி காடாகிவிடும்.

இனி, நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இருந்து இதனைப் படிப்போர்க்குச் சென்னைச் செல்வர் ஒருவரின் மரணசாசனத்தால் ஆவதென்ன என்னும் வினாவுக்கு வருவோம்.

எம் சிறுபருவத்தில் யாம் அறிந்த ஒரு தோட்டத்திலே படிப்பகம் ஒன்று இருந்தது. பெரட்டுக்களத்துக்கு அருகே, தகரக் கூரையின் கீழ், இரண்டு அலுமாரி நூல்கள். லயத்து மக்கள் ஒருநாட் சம்பளத்தை மனமுவந்து கொடுத்து, பின்னும் மாதந்தோறும் சில்லறை சேர்த்து அதனை உண்டாக்கினர். நூல்கள் மட்டுமன்றி, நகரில் ஒரு சிறு கடையறையும் அப்பணத்தில் வாங்கப்பட்டது. அதன் வாடகையில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கொப்பியும் நூலும் வழங்குவதாக ஏற்பாடு. உறுதி எழுதும்போது, நம்பிக்கைக்குரிய ஒருவர் பெயரில் எழுதினர். அவர் நல்லவர், அவர் வாழ்ந்த வரையிற் பிள்ளைகள் கொப்பி பெற்றனர். அவர் மறைந்தபின், உறுதியிற் கண்டதே உண்மை என்றனர் உரிமையாளர். பணம் கொடுத்தவர்கள் கைநாட்டு வைக்கும் எளியோர். எழுதிய தாள் எவரிடமும் இல்லை. ஒரு பருவமழைக்குக் கூரை போயிற்று, நூல்கள் நனைந்தன, கேட்பார் இல்லை. யாம் முதன்முதலிற் கம்பனின் பெயரைக் கண்ட நூல் அவ்வலுமாரியில் இருந்தது. பச்சையப்பர் பொருளுக்கு 48 ஆண்டு கழித்தேனும் விடிவு வந்தது, அப்படிப்பகத்துக்கு வரவில்லை. அதற்குக் கும்பகோணத்து எழுத்தும் இல்லை, கேட்க ஒரு நார்ட்டனும் இல்லை.

சட்டம் இல்லாமலா போயிற்று? இலங்கையின் பொதுச்சட்டம் உரோம டச்சுச் சட்டம்; அதில் ஆங்கில முறையான நம்பிக்கைப் பொறுப்பு இல்லை. ஆங்கிலச் சட்டத்தின் வழியே வந்த அக்கோட்பாட்டை 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் முறைப்படுத்தித் தந்தது. அதன் 99ஆம் பிரிவு அறநோக்கங்களை வகுக்கின்றது: வறுமை நீக்குதல், கல்வியும் அறிவும் வளர்த்தல், சமயத்தையும் அதன் கிரியைகளையும் பேணுதல், மாந்தர்க்கு நன்மை பயக்கும் பிற செயல்கள். காணி பூமியைப் பொறுத்தவரை, மரணசாசனத்தாலோ நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதியாலோ பொறுப்பை வெளிப்படுத்த வேண்டும் என்பது பொதுவிதி. அசையும் பொருளாயின், பொறுப்பாளரிடம் ஒப்படைத்தலாலும் அது அமையும்.

எழுத்தறியாத மக்கள் கட்டிய கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் அச்சட்டம் ஓர் அருள்வாயிலும் வைத்துள்ளது. அது 107ஆம் பிரிவு. முறைப்படி எழுதிய சாசனம் இல்லை என்ற ஒரே காரணத்தால் நீதிமன்றத்தின் கை கட்டப்படாது. சூழ்நிலை முழுவதையும் நோக்கி, அறப்பொறுப்பு உண்மையில் உள்ளது, அல்லது உள்ளதெனக் கொள்ளத்தக்கது என்று கண்டால், மன்று அவ்வாறே கொள்ளலாம். மேலும், அறநிலையத்தில் அக்கறையுடையோர் ஐவர் கூடிப் பொறுப்பாளர்மீது வழக்குத் தொடரவும் அச்சட்டம் இடந்தருகின்றது. சென்னையில் அரசின் வழக்கறிஞர் செய்த பணியை இங்கே லயத்தின் ஐந்து பேர் செய்யலாம் என்பது இதன் பொருள். எம் படிப்பகத்தின் பொருட்டு அவ்வைவர் கூடவில்லை. கூடலாம் என்று அறிந்தவரும் அன்று இல்லை.

மலையகத்திலே தோட்டந்தோறும் மாரியம்மனுக்கோ முருகனுக்கோ பிள்ளையாருக்கோ கோயில் உண்டு. பெரிய கங்காணிமார் சிலவற்றைத் தொடங்கினர். சம்பளத்திற் பிடித்த கோயிற்பணம் அவற்றை வளர்த்தது. ஆயின் கோயில் நிற்கும் நிலம் தொழிலாளர்க்கு உரியதன்று. ஆங்கிலக் கம்பெனிகளிடமும் தனியாரிடமும் இருந்த தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுக்குச் சென்றன. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. துரைகள் மாறினர், ஏடுகள் மாறின, அம்மன் மட்டும் அங்கேயே இருக்கின்றாள். நிலத்துக்கு உறுதி பெறுதல் தொழிலாளர் கையில் மட்டும் இல்லை. ஆயினும் திருவாபரணம், வெள்ளி வேல், வாத்தியம், வங்கிக் கணக்கு, உண்டியல் வரவு ஆகியவற்றுக்கேனும் எழுத்து வேண்டாமோ? பொறுப்பாளர் யார், எத்தனை ஆண்டுக்கு, ஒருவர் மறைந்தால் அடுத்தவர் தெரிவு எப்படி, கணக்கை எந்த நாளிற் சபையோர் முன் வாசிப்பது, கோயில் பெயர்ந்தாற் பொருள் எங்கே சேர்வது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி ஒழுங்கு செய்தற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்குமுன் ஒப்புரவுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். இரந்தவனுக்குக் கொடுத்தல் ஈகை. ஊரோடு ஒத்து, இரவாதவர்க்கும் பயன்படுமாறு வாழ்தல் ஒப்புரவு. நம்பிக்கைப் பொறுப்பு ஒப்புரவின் பாற்பட்டது. கொடுப்பவன் பெறுபவனைக் காண்பதில்லை. பெறுபவன் கொடுத்தவனை அறிவதில்லை. இருவர்க்கும் இடையே ஓர் ஏடும், அதனைக் காக்கும் சில நேர்மையாளரும் நிற்கின்றனர்.

தந்தை முகம் காணாத பிள்ளையொருவர், தாம் முகம் காணாத பல்லாயிரம் பிள்ளைகளுக்குக் கல்வித் தந்தையானார். அவர் இலட்சம் வராகன் வைத்தார். நம் மக்கள் கொழுந்து பறித்த கூலியில் ஒருநாட் சம்பளம் வைக்கின்றனர். தருமத்தின் முன் இரண்டும் ஒன்றே. ஆனால் வராகனைக் காத்த எழுத்து கூலிக்காசையும் காக்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்குக் கொடியேறுமுன், ஒவ்வொரு பரிபாலன சபையாரும் தம் பெட்டியைத் திறந்து, உள்ளே பொருளோடு ஏடும் இருக்கின்றதா எனப் பார்ப்பாராக.